புயல் இரவும் கைவிளக்கும்



2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரையேறியது. கரையேறிய புயல் விரைந்து அகலவில்லை. பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்று பெய்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை. மின்சாரம் நின்றது, வீதியெல்லாம் வெள்ளம். அந்நேரத்தில் என் டார்ச் விளக்கைத் தேடி எடுத்தேன். அது பத்து நிமிடம் எரிந்து, பின்பு கண்ணை மூடிக்கொண்டது.

அவ்விளக்கினுள் இருந்தது ஒரு லிதியம் மின்கலம். அதன் உறையில் ‘9,900 மில்லி ஆம்பியர் மணி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எண் பெரிதாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கியவன் நான்தான். மாணவர்களாகிய நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

டார்ச் விளக்குகளில் பெரிதும் பயன்படும் கலத்திற்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அப்பெயரின் பொருள். அந்த உருவத்தில் நல்ல தொழிற்சாலைகள் செய்யும் கலங்கள் பெரும்பாலும் 2,500 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரையே கொள்ளும். 9,900 என்பது, உழக்கில் மரக்கால் நெல் அளந்தேன் என்பது போன்ற பேச்சு. எண் பொய் சொல்லும்; எடை அவ்வளவு எளிதில் சொல்லாது. நல்ல 18650 கலம் பெரும்பாலும் 45 கிராம் அளவில் இருக்கும். என் கலத்தைத் தராசில் இட்டேன், 28 கிராம்தான்!

விரைவில் தீர்ந்து போவது மட்டுந்தானா குறை என்று கேட்பீர்கள். அன்று. லிதியம் கலத்தின் உள்ளே இரு மின்வாய்கள், இடையே தாளினும் மெல்லிய ஒரு பிளாஸ்டிக் திரை, எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம் ஆகியவை உள்ளன. அளவுக்கு மேல் மின்னூட்டினாலோ, நசுங்கினாலோ, மட்டமாகச் செய்யப்பட்டிருந்தாலோ அத்திரை பழுதாகும். மின்வாய்கள் ஒன்றையொன்று தொடும், வெப்பம் பிறக்கும், அவ்வெப்பம் மேலும் வெப்பத்தை வளர்க்கும். டார்ச் விளக்கோ இறுக மூடிய உலோகக் குழல். புகை வெளியேற வழியில்லாதபோது அக்குழலே வெடியாகிவிடும். இக்கலத்தை உருவாக்கியதற்காக 2019இல் மூன்று அறிஞர்கள் நோபல் பரிசு பெற்றனர். அவர்களுள் ஒருவரான அகிரா யோஷினோ, தூய லிதியம் உலோகத்தை விலக்கிக் கரிப்பொருளை வைத்தமையால்தான் இது ஓரளவு அடங்கிய பொருளாயிற்று. அடங்கியது என்றேனே தவிர, அஞ்ச வேண்டாதது என்று சொல்லவில்லை.

ஆகவே, வாங்கும்போது ‘பாதுகாப்புச் சுற்று உண்டா?’ என்று கேளுங்கள். கலத்தின் அடியில் பொருத்தப்படும் அச்சிறு தகடு, மின்னூட்டம் 4.2 வோல்ட்டை மிகுதியாகக் கடந்தாலும், கலம் வற்றிப்போனாலும், முனைகள் இணைந்துவிட்டாலும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும். அத்தகடு சேர்வதால் கலம் சில மில்லிமீட்டர் நீண்டுவிடும். உங்கள் விளக்கு அதை ஏற்குமா என்று அளவுகோலால் அளந்த பின்பே பணத்தைக் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உறையில் உள்ளனவா என்று பாருங்கள். பதிவெண் மெய்யானதா என்பதை அவ்வமைவனத்தின் கைப்பேசிச் செயலியிலேயே சரிபார்க்கலாம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. சுவர்க் கடிகாரத்தில் இடும் சிறு கலத்தின் அதே உருவில் 14500 என்னும் லிதியம் கலம் கிடைக்கிறது. கடிகாரக் கலம் 1.5 வோல்ட், இதுவோ 3.7 வோல்ட். உருவம் பொருந்துகிறதே என்று சாதாரண விளக்கில் இதனை இட்டால் விளக்குக் கருகும். பழைய மடிக்கணினியைப் பிரித்துக் கலம் எடுக்கும் மாணவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் வயது தெரியாத இரு கலங்களை ஒரே விளக்கில் வரிசையாக இடுவது கூடாது. வலியது ஓடும்போது மெலிந்தது அளவு கடந்து வற்றிப் பழுதாகும். என்னைக் கேட்டால், மாணவருக்கு ஒற்றைக் கல விளக்கே போதும். அதுவும் அச்சமூட்டினால், நிக்கல் கலம் இருக்கிறது, 1.2 வோல்ட், ஒளி சற்றுக் குறைவு, மனத்திற்கு நிம்மதி.

கடற்கரை ஊரார்க்கு ஒரு சொல். 18650 கலத்தின் உருளை முழுதுமே எதிர்மின் முனை. தலையிலுள்ள பொத்தான் மட்டுமே நேர்மின் முனை. இடையில் இருப்பது ஒரு காகித வளையமும் மெல்லிய உறையுந்தான். உறை கிழிந்த கலத்தைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் இடாதீர்கள். குருசுக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் உப்புக் காற்று ஓயாது வீசும். விளக்கின் உள்முனைகளை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடையுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய கலத்தை, உலர்ந்து விட்டதென்று எண்ணி மீண்டும் மின்னூட்ட வேண்டாம். மின்னூட்டுவதையும் மெத்தைமேல் வைத்து உறங்கச் செல்லாமல், தரையில் வைத்து, விழித்திருக்கும்போதே செய்யுங்கள்.

என் பழைய கலத்தின் இரு முனைகளிலும் ஒட்டுநாடா ஒட்டி, மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுத்துவிட்டேன். குப்பை வண்டிக்குள் அது நசுங்கினால் வண்டியே பற்றிக்கொள்ளக்கூடும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள், பயன்படுத்திய கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேலேயே சுமத்தியிருக்கின்றன. கடைக்காரர் மறுத்தால் இதை அவருக்கு நினைவூட்டலாம்.