இரண்டாவது பம்ப்பும் துணை ஜனாதிபதியும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, பாய்லரைப் பத்தி மட்டும் பேசாதே" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அமெரிக்காவில் துணை ஜனாதிபதி வேட்பாளரை எப்படி எடை போடுகிறார்கள் என்று பேச வந்திருக்கிறேன். நடுவில் பாய்லர் எட்டிப் பார்த்தால் அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்டுத் துணை ஜனாதிபதிக்குச் சட்டப்படி வேலை கொஞ்சம்தான். செனட் சபைக்குத் தலைமை தாங்கலாம். வாக்குகள் சமமாக இருந்தால் ஒரு வாக்கு போடலாம். ஆனால் ஜனாதிபதிக்கு ஏதாவது ஆனால் அடுத்த நிமிடமே இவர்தான் ஜனாதிபதி. இதுவரை 9 பேர் இப்படி மேலே வந்திருக்கிறார்கள். 8 முறை ஜனாதிபதி இறந்ததால். 1974-இல் ஒரு முறை நிக்சன் ராஜினாமா செய்ததால்.

1960 ஜூலையில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டை எடுத்துக்கொள்வோம். ஜனாதிபதி வேட்பாளராகத் தேர்வான கென்னடிக்கு வயது 43. கத்தோலிக்கர், வடகிழக்கு மாநிலத்துக்காரர், பணக்கார வீட்டுப் பிள்ளை. துணைக்கு அவர் யோசித்த ஆள் டெக்சாஸ் மாநிலத்து லிண்டன் ஜான்சன்.

சாதகங்களைப் பாருங்கள். ஜான்சன் செனட் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். சட்டம் நிறைவேற்றும் வித்தையில் மன்னன். தெற்கத்திக்காரர், புராட்டஸ்டண்ட். டெக்சாஸில் 24 தேர்வாளர் வாக்குகள்; 1952-லும் 1956-லும் அந்த மாநிலம் எதிர்க்கட்சிக்குப் போயிருந்தது.

பாதகங்களும் லேசுப்பட்டவை அல்ல. அதே மாநாட்டில் கென்னடியை எதிர்த்து நின்று 806-க்கு 409 என்று தோற்றவர் ஜான்சன். அவருடைய ஆட்கள் கென்னடியின் உடல்நிலையைப் பற்றிப் பகிரங்கமாகவே கேள்வி எழுப்பியிருந்தார்கள். தொழிற்சங்கத்தாருக்கும் கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்றவர்களுக்கும் அவர்மேல் நம்பிக்கை இல்லை. கென்னடியின் தம்பி ராபர்ட்டுக்கோ அவரைக் கண்டாலே ஆகாது. போதாக்குறைக்கு 1955-இல் ஜான்சனுக்குக் கடுமையான மாரடைப்பு வந்திருந்தது.

நாமா இருந்தா என்ன செய்வோம்? ஒரு காகிதத்தில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் பிளஸ், அந்தப் பக்கம் மைனஸ் என்று எழுதிக் கழித்துப் பார்ப்போம். அது போதாது. ஒரு குறையை மற்றவர் ஈடு செய்ய முடியுமா முடியாதா என்று பிரிக்க வேண்டும். வடக்கே ஜான்சனுக்கு மதிப்பில்லை. அதைக் கென்னடி பார்த்துக்கொள்வார். தெற்கே கென்னடி எடுபட மாட்டார். அதை ஜான்சன் பார்த்துக்கொள்வார். பழைய பகை பதவியில் கரையலாம். ஈடு செய்ய முடியாத குறை, மேலே உள்ளவர் இல்லாத அன்று தெரியும் குறை. இவரால் தனியாக நாட்டை ஆள முடியுமா என்ற கேள்விக்கு ஜான்சனின் எதிரிகள்கூட முடியாது என்று சொல்லவில்லை. கென்னடி அவரையே எடுத்தார்.

கணக்கு என்ன ஆயிற்று? கென்னடிக்கு 303 தேர்வாளர் வாக்குகள், தேவை 269. டெக்சாஸ் போயிருந்தாலும் 279 இருந்திருக்கும், தப்பித்திருப்பார். ஆனால் கூடவே 14 வாக்குள்ள வட கரோலினாவும் போயிருந்தால் 265. பெரும்பான்மை கிடைத்திருக்காது.

இப்போது பாய்லர். தண்ணீர் ஊட்டும் பம்ப்பை நாம் இரண்டாக வைக்கிறோம். இரண்டாவது பம்ப் முதலாவதன் முழு லோடையும் தாங்க வேண்டும். அதை அவ்வப்போது மாற்றி ஓட்டியும் பார்க்க வேண்டும். ஓட்டாமல் வைத்த பம்ப், அவசரத்துக்கு ஓடாது.

1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தபோது ட்ரூமன் துணை ஜனாதிபதியாகி 82 நாள்தான் ஆகியிருந்தது. அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரமும் அதன் பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. நல்ல பம்ப், ஓட்டாமல் வைத்திருந்தார்கள். அவர் சமாளித்தது அவர் திறமை. 1977-இல் கார்ட்டர்தான் தம் துணையான மாண்டேலுக்கு வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அலுவலகம் கொடுத்து, ரகசியத் தகவல்களையும் பகிர்ந்து, இந்தப் பழக்கத்தை மாற்றினார்.

இன்னொரு பாடம் 1972. மெக்கவர்ன் அவசர அவசரமாக ஈகிள்டன் என்பவரைத் துணைக்கு எடுத்தார். மன அழுத்தத்துக்காக அவர் மருத்துவமனையில் மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றது பிறகுதான் வெளிவந்தது. 18 நாளில் விலக நேர்ந்தது. அதே மனிதர் 1987 வரை செனட்டராகப் பணியாற்றினார். ஜான்சனின் மாரடைப்பு ஊரறிந்த செய்தி. அதனால் எடை போட முடிந்தது. தெரிந்த குறையைத் தராசில் வைக்கலாம். தெரியாத குறையை எங்கே வைப்பது?

1963 நவம்பர் 22-இல் கென்னடி சுடப்பட்டார். ஜான்சன் 1964-இல் குடிமை உரிமைகள் சட்டத்தையும் 1965-இல் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றினார். தெற்கத்திக்காரர், நம்பக்கூடாது என்றார்களே, அவர்தான். ஆனால் அவர் காலத்தில்தான் வியட்நாமில் அமெரிக்கப் படை 5 லட்சத்தைத் தாண்டியது. 1960-இல் போட்ட பட்டியலில் வியட்நாமுக்கு ஒரு வரிகூட இல்லை. எந்தத் தராசுக்கும் ஒரு எல்லை உண்டு.

நம்ம திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள கமலா ஹாரிஸ், 2019 விவாத மேடையில் பைடனைக் கடுமையாகத் தாக்கியவர். 2020-இல் பைடன் அவரையே துணைக்கு அழைத்தார். 2024 ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகியதும் தேர்தலுக்குச் சுமார் மூன்றரை மாதமே இருக்க, ஹாரிஸ் வேட்பாளராகித் தோற்றார். இரண்டாவது ஆளை எந்த நேரத்தில் இயக்குகிறோம் என்பதும் கணக்கில் சேரத்தான் வேண்டும்.

நண்பர்களே, இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் ஆலை மேலாளர்கள், தலைமைப் பொறியாளர்கள், சொந்தத் தொழில் நடத்துபவர்கள். நமக்கெல்லாம் ஒரு இரண்டாவது ஆள் வேண்டும். தலையாட்டும் ஆளா, நம் குறையை நிரப்பும் ஆளா? நம்மோடு மோதியவர் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்கிவிடுகிறோமா? எடுத்த ஆளிடம் சாவியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறோமா? திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் இதை யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு மாதம் படுத்துக்கொண்டால் சம்பளம் போக வேண்டிய குடும்பங்கள் நம் ஒருவரை நம்பி மட்டும் இருக்கக் கூடாது.