இது செல்லுங்களா?



பழைய நாணயத்தாள் சேர்ப்பவன் என்று என்னை அறிந்தவர்கள் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதற்கு என்ன விலை கிடைக்கும்?" என்பார்கள். ஆனால் வேறொரு கேள்விதான் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. 1991ஆம் ஆண்டு, பண்டாரவளைப் பக்கம் நான் ஆசிரியராக இருந்தபோது, தோட்டத்து மூதாட்டி ஒருவர் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த தாளொன்றை அவிழ்த்து நீட்டிக் கேட்டார்:

"மாஸ்டர், இது செல்லுங்களா?"

அவருக்கு வருவதற்கு முன், அந்தத் தாளின் முன்னோர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இலங்கையில் காகிதப் பணம் புழங்கத் தொடங்கியது ஒல்லாந்தர் காலத்தில். 1785இல் அவர்கள் கடன் சீட்டுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலேயரும் திறைசேரித் தாள்களை வெளியிட்டார்கள். றிக்ஸ் டொலர் என்றும், நம்மவர் வாயில் இறைசால் என்றும் வழங்கிய அந்தப் பழைய கணக்கு, 1825இல் ஒன்றுக்கு ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என்ற வீதத்தில் பவுண் கணக்குக்குள் அடங்கிப்போயிற்று. பின்னர் தனியார் வங்கிகளே தாள் வெளியிட்டன. அவற்றுள் பெரியது ஒறியண்டல் வங்கி. 1872 முதல் ரூபாவும் சதமும் நமது கணக்காயின.

அந்த வங்கி கோப்பித் தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்தது. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. தோட்டங்கள் சரிந்தன, அவற்றுக்குக் கொடுத்த கடனும் சரிந்தது. 1884 மே 3ஆம் திகதி வங்கி கதவடைத்தது. முதல்நாள் வரை பணமாக இருந்த தாள், மறுநாள் வெறும் கடதாசியாகும் நிலை. அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். பீதி அடங்கியது. அதே ஆண்டு சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசாங்கமே நாணயத்தாள் வெளியிடத் தொடங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேசாதிபதி பொறுப்பேற்றது தாள்களுக்கு மட்டுமே. வங்கியில் வைப்புச் செய்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கையில் தாள் வைத்திருந்தவர் பிழைத்தார். வங்கியை நம்பிப் பணத்தை ஒப்படைத்தவர் காத்திருந்தார்.

அத்தகைய வங்கித் தாள்கள் இன்று மிக அரிதாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. திரும்பி வந்த தாளுக்கு வங்கி பணம் கொடுத்து, பின் அதை அழித்துவிடும். அப்படியானால் எஞ்சி நிற்பவை எவை? திரும்பிப் போகாதவை. யாரோ மறந்தவை, ஒளித்தவை, ஒளித்த இடத்தைச் சொல்லாமலே கண்மூடியவை. "கொண்டுவருபவர் கேட்டவுடன் கொடுப்போம்" என்று தாள் வாக்குக் கொடுத்தது, கொண்டுவருபவர் வரவில்லை. எங்கள் அல்பங்களில் இருப்பவை பெரும்பாலும் இப்படிக் கேட்கப்படாமற்போன வாக்குறுதிகளே.

1942இல் சில்லறைத் தட்டுப்பாட்டின்போது ஐந்து சதத் தாளொன்று வந்தது. நடுவில் துளையிட்டிருக்கும். கிழித்தால் ஒருபாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம். சேகரிப்பவர்கள் கிழியாத தாளைத் தேடி அலைகிறோம். ஆனால் எந்த வேலைக்காக அது பிறந்ததோ, அந்த வேலையைச் செய்தது கிழிந்த பாதிதான்.

மூதாட்டி நீட்டியது 1920களைச் சேர்ந்த இலங்கை அரசாங்கத்து ஐந்து ரூபாத் தாள். மடிப்பெல்லாம் தேய்ந்திருந்தது. சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி தெரிந்தது. மாமனாருடைய றங்குப்பெட்டியின் அடியில், பழைய துண்டுக்குள் இருந்ததாம். அவர் எதற்காகச் சேர்த்தாரோ தெரியாது என்றார்.

"கடையில் செல்லாது அம்மா, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று நூறு ரூபா கொடுத்தேன். ஐந்து ரூபாவுக்கு நூறா என்று அவர் முகம் மலர்ந்தது. "நீங்க நல்லா இருக்கணும் மாஸ்டர்" என்று வாழ்த்திவிட்டுப் போனார். நானும் நல்லது செய்ததாகவே நம்பினேன்.

அடுத்த விடுமுறையில் கொழும்பில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். அவர் சொன்ன தொகை நான் கொடுத்ததைப்போல் பல மடங்கு. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஊர் திரும்பியதும் அந்த லயத்துக்குப் போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. மகளோடு வேறெங்கோ போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று சொல்ல ஒருவருமில்லை. பிறகும் இருமுறை போய் விசாரித்தேன்.

தாளின் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்ட வாக்கு ஒருவருடைய பெயருக்கு எழுதப்பட்டதல்ல. கொண்டுவருபவர் எவரோ அவருக்கு உரியது. அன்று அதைக் கொண்டுவந்தவர் அவர். உரியதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். விலை தெரியாமல் கொடுத்தேன் என்பது உண்மை. தெரிந்துகொண்டு கொடுத்திருக்கலாம் என்பதும் உண்மை.

அந்தத் தாளை நான் விற்கவில்லை. அல்பத்தில் மற்றத் தாள்களின் கீழ் ஆண்டும் பெறுமதியும் எழுதியிருக்கிறேன். அதன் கீழ் மட்டும் "கடன்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இது செல்லுமா என்று அவர் கேட்டார். தாள் செல்லாது என்றேன். நான் கொடுத்த விடை செல்லுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.