கடையின் பின்னறையில் ஒரு வகுப்பு

வகுப்பில் நுழைந்ததும் நான் பாடநூலைத்தான் திறப்பேன். அந்தப் பழக்கத்தை அசைத்தவர் பெர்னிஸ் ராபின்சன்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில், வாக்காளராகப் பதியச் சென்ற கறுப்பின மக்களை, அரசமைப்புச் சட்டத்தை வாசித்துக்காட்டச் சொல்லித் தடுத்தார்கள். ஜான்ஸ் தீவில் பேருந்து ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ், பயணிகளுக்கு அச்சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். எழுத்தே தெரியாதவர்களுக்காகப் பள்ளி கேட்டார்.

1957-இல் கடையொன்றின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. உரிமைச் சங்கத்தில் இருந்ததற்காக வேலையிழந்த ஆசிரியை செப்டிமா கிளார்க், பாடம் நடத்த அழகு நிலையம் நடத்திய ராபின்சனை அழைத்தார். என்ன கற்க விருப்பம் என்று அவர் முதலில் கேட்டார். பெயரெழுத, பைபிள் வாசிக்க, மணியார்டர் நிரப்ப என்றார்கள். அதுவே பாடத்திட்டம்.

கற்றவர்கள் வாக்காளரானார்கள், இத்தகைய பள்ளிகள் தென் மாநிலங்களெங்கும் பரவின. நாளை என் வகுப்பும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கும்.