கணக்கெழுதும் கையும் கையொப்பமிடும் கையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

சிவகாசிப் பட்டாசு நாடெங்கும் முழங்கும் தீபாவளி, சமணர்க்கு மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய திருநாள். மறுநாள் வீரநிர்வாண ஆண்டு பிறக்கிறது. அப்பருவத்தில் வடநாட்டு வணிகர் புதுக் கணக்கேட்டுக்குப் பூசை செய்வர். இவ்வாறு வெடியும் கணக்கும் ஆண்டுக்கொருமுறை சந்திக்கின்றன. விருதுநகர் மாவட்டத்தில் கணக்கியல் கற்கும் இளைஞர் வாழ்விலோ அவை நாள்தோறும் சந்திக்கின்றன.

படிப்பை முடித்தவர்முன் இரு வழிகள் நிற்கின்றன. தணிக்கை அலுவலகம் அமைத்துப் பலருடைய கணக்கையும் ஆராய்ந்து கையொப்பமிடுவது ஒன்று. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், எண்ணெய், பருப்பு என ஏதேனும் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து அதன் கணக்கை எழுதுவது மற்றொன்று. எது நன்று என்ற வினா இல்லந்தோறும் எழுகிறது.

நிறுவனப் பணியில் முதல் மாதத்திலேயே ஊதியம் உறுதி. ஒரு தொழிலின் உள்ளும் புறமும் விளங்கிவிடும். பட்டாசு ஆண்டு முழுதும் உருவாகிறது. விற்பனையோ தீபாவளியை நம்பியிருக்கிறது. அதுவரை மூலப்பொருளுக்கும் கூலிக்கும் பணம் புரட்டுவதும், கடனுக்குச் சென்ற சரக்கின் தொகையைத் திரட்டுவதும் கணக்கரின் திறத்தைச் சோதிப்பவை. பிழை நேர்ந்தால் அன்றே தடுக்கும் வாய்ப்பும் அவருக்கே உண்டு. தணிக்கையாளர் வந்து சேர்வது பெரும்பாலும் ஆண்டு முடிந்த பின்னரே.

தனித்தொழிலில் தொடக்க ஆண்டுகளின் வருவாய் மெலிந்தது. ஆயினும் பல தொழில்களின் அறிவு சேரும். ஒரே முதலாளியின் முகம் பார்க்க வேண்டுவதில்லை. 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்கர் சட்டம் அவருடைய கையொப்பத்துக்குத் தனி மதிப்பு அளித்தது. தாம் தணிக்கை செய்யும் நிறுமத்தில் அவர் பங்கு வைத்திருத்தலும் ஆகாது. எனினும் கட்டணம் தருபவர் அந்த நிறுமத்தாரே. வாடிக்கையாளர் விலகிவிடுவாரோ என்னும் அச்சமும் ஒரு முதலாளிதான்.

“பட்டாசு ஆலை வேலை வேண்டா, தணிக்கை செய்தால் பாவம் ஒட்டாது” என்பர் சிலர். சுவேதாம்பர மரபு இல்லறத்தார்க்கு விலக்கிய 15 தொழில்களுள் தீயைக் கொண்டு பிழைக்கும் அங்கார கர்மமும் ஒன்றாதலின், இத்தயக்கம் மதிக்கத்தக்கதே. ஆனால் அதே ஆலையிடம் கட்டணம் பெறும் தணிக்கையாளரின் கை மட்டும் தீக்கு அப்பால் நிற்குமோ? இவ்வூர்களில் எந்த நாற்காலியும் ஆலையின் நிழலைவிட்டு வெகுதொலைவில் இல்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய துயரம் நேரும் வீடுகளில் பின்னர் எழும் கேள்வி ஒன்றுண்டு: இறந்தவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்ததா? எங்கேனும் நூறு பேர் உழைக்க அறுபது பெயர் மட்டும் எழுதப்படுமாயின், விடுபட்ட நாற்பது பேரின் வாரிசுகள் இழப்பீட்டுக்கு எந்தச் சான்றை நீட்டுவர்? உரிமம் அனுமதித்த அளவுக்கு மிஞ்சிய வெடிமருந்தை மறைக்கும் இருப்புக் கணக்கும் அத்தகையதே. அங்கே பொய்க்கணக்கு, உயிர்க்கொலைக்குத் துணைபோகிறது. வாய்மை பிறழுமிடத்தில் அகிம்சையும் பிறழ்கிறது.

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் வாய்மை விரதத்தைக் குலைக்கும் குற்றங்களுள் பொய்யாவணம் எழுதுவதையும், நம்பி வைத்த பொருளைக் கவர்வதையும், மறைபொருளை வெளியிடுவதையும் எண்ணுகிறது. அரசின் நெறியை மீறிய வாணிகம் கள்ளாமையைக் குலைப்பது என்கிறது. எழுதுபவரையும் ஒப்பமிடுபவரையும் அது வேறுபடுத்தவில்லை. இன்றைய தொழில் ஒழுக்க விதிகளும் வாடிக்கையாளரின் மறைபொருளைக் காக்குமாறு பணிக்கின்றன.

ஆகவே இளைஞர்கள் பயிற்சிக் காலத்திலேயே இரு வழிகளையும் கண்ணால் கண்டு தெளிதல் நலம். பல தொழில்களை அறியும் வேட்கையுடையார் தணிக்கையை நாடலாம். ஒன்றை வளர்த்தெடுக்கும் பொறுமையுடையார் நிறுவனத்தை நாடலாம். எதை ஏற்பினும், முதலில் வினவத்தக்கது இது: தவறான தாள் ஒன்று மேசைமேல் வைக்கப்படும் நாளில், “இயலாது” என்று கூறி எழுந்துவர இயலுமா?

அந்த ஆற்றல் பட்டத்தால் மட்டும் வருவதன்று. தவணைகளும் ஆடம்பரமும் அடுத்த மாத ஊதியத்தை முன்னரே விழுங்கிவிட்டால் நா எழாது. தேவைக்கு வரம்பு கட்டியவர்க்கே துணிவு உண்டு. அதனால்தான் இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்களுள் பொருளுக்கு எல்லை வகுக்கும் ஐந்தாவது, வாய்மைக்கு வேலியாக நிற்கிறது. பெற்றோர் பிள்ளைகளிடம் எவ்வளவு ஈட்டுவாய் என்று கேட்கும்போதே, எவ்வளவு போதும் என்றும் கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை கண்ட கை, கணக்கெழுதினாலும் கையொப்பமிட்டாலும் நடுங்காது.