வீடு கட்ட யாரைக் கேட்பது?



வீடு கட்ட ஊர்ச் சபையின் அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்த அனுமதியை மறுப்பதற்கு ஓர் ஊருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம், மாகாண சர்க்கார் அதில் எதுவரை தலையிடலாம் என்பதைப் பற்றி அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வரும் போராட்டத்தையே இன்று நாம் பேச எடுத்துக் கொண்டோம்.

சாக்கடை எந்தப் பக்கம் போக வேண்டும், தொழிற்சாலைப் புகை யார் வீட்டில் விழக் கூடாது என்று ஊரார் கூடித் தீர்மானிப்பதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். நாமும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் லூயிவில் என்னும் நகரம், வெள்ளையர் பெரும்பாலோராய் வசிக்கும் தெருவில் கருப்பர் குடியேறக் கூடாது என்று பகிரங்கமாகவே சட்டம் போட்டது. 1917-ல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. நிறத்தைச் சட்டத்தில் எழுதினால்தானே வம்பு? அடியையும் ஏக்கரையும் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? மனை இத்தனை ஏக்கருக்குக் குறையக் கூடாது, ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கு மேல் கூடாது, அடுக்கு வீடு கூடவே கூடாது என்ற விதிகள் ஊருக்கு ஊர் ஏற்பட்டன. 1926-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு, யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் இவ்வித விதிகள் செல்லும் என்றதோடு, தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்கு வீட்டை ஒட்டுண்ணி என்றும் வர்ணித்தது. வீட்டைச் சொன்னால் என்ன, அதில் குடியிருப்பவனைச் சொன்னால் என்ன? நம் நாட்டு அக்கிரகாரத்துக்குச் சாஸ்திரம் வேலியாயிருந்தது. அங்கே அளவுகோல் வேலியாயிற்று.

நியூஜெர்ஸி மாகாணத்தில் மவுண்ட் லாரல் என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாய் அங்கே வசித்த ஏழைக் கருப்பர்கள் 36 சிறு வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. 1970-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வூர் மேயர் அவர்களுடைய மாதா கோயிலுக்கே வந்து, இங்கே இருக்க வசதியில்லாதவர்கள் போய்விட வேண்டியதுதான் என்ற பொருள்படப் பேசினார். கடவுள் சன்னதியில் சொன்னார் என்பதையும், கடவுள் வாய் திறக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டுகிறோம். வாய் திறந்தது எதேல் லாரன்ஸ் என்ற அம்மாள். 1971-ல் அவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். மாகாண சுப்ரீம் கோர்ட்டு 1975-ல், வளரும் ஊர் ஒவ்வொன்றும் சுற்றுப்புறத்து ஏழைகளின் வீட்டுத் தேவையில் தன் பங்கை ஏற்றே தீர வேண்டும் என்றது. ஊர் என்ன செய்தது? தன்னிடமிருந்த 14,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் சுமார் 20 ஏக்கரைக் காட்டிற்று! 1983-ல் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டு, பங்கைக் கொடாத ஊரில் கட்டடக்காரர் வழக்காடி அனுமதி வாங்கலாம் என்று கடுமையாய்ச் சொல்ல நேர்ந்தது. 1985-ல் மாகாணச் சட்டமும் வந்தது.

ஊரார் இஷ்டப்படி நடப்பதுதானே ஜனநாயகம் என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். ஊரார் என்பது யார்? சபையில் கை தூக்குபவன் ஏற்கெனவே உள்ளே இருப்பவன். உள்ளே வரவொட்டாமல் தடுக்கப்பட்டவனுக்கு அவ்வூரில் ஓட்டு ஏது? அவன் பகலில் வந்து பள்ளிக்கூடத்தைக் கூட்டலாம், ஆஸ்பத்திரியில் வேலை செய்யலாம், இராத்திரி மட்டும் தங்கக் கூடாது என்றால் அதற்குப் பெயர் சுயாட்சியா? இருவருக்கும் ஓட்டுள்ள சபை மாகாண சபைதான். ஆகையால் சட்டம் அங்கிருந்து வருவதே நியாயம் என்கிறோம்.

மாசச்சூசெட்ஸ் மாகாணம் 1969-லேயே அப்படிச் செய்தது. ஓர் ஊரில் ஏழை எளியோருக்கான வீடு நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாயிருந்து, அத்தகைய வீடு கட்ட வருகிறவனுக்கு ஊர் அனுமதி மறுத்தால், அவன் மாகாணக் கமிட்டிக்கு அப்பீல் போகலாம். கட்டடக்காரன் தர்மவான் அல்ல. மொத்தத்தில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் ஏழைக்கு, மீதி லாபத்துக்கு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் 2010-ல் சட்டத்தை ரத்து செய்யக் கேட்டபோது ஜனங்களே ஓட்டுப் போட்டு மறுத்து விட்டார்கள்.

கலிபோர்னியாவின் வேடிக்கையையும் கேளுங்கள். தனி வீட்டு மனையைப் பிரித்து மேலும் வீடு கட்டலாம் என்று 2021-ல் அம்மாகாணம் சட்டம் செய்தது. உட்சைடு என்ற பணக்கார ஊர், எங்கள் ஊர் முழுவதும் மலைச் சிங்கத்தின் வாசஸ்தலம், ஆகையால் இங்கே செல்லாது என்று 2022-ல் அறிவித்தது! பங்களா கட்டியபோது அந்தச் சிங்கம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. மாகாண அட்டர்னி ஜெனரல் கடிதம் எழுதியதும் சிங்கம் சில நாளிலேயே வாபஸ் வாங்கப்பட்டது.

நிற்க, மவுண்ட் லாரலில் முதல் வீடுகளில் குடியேறியது 2000-ல்தான். பின்னர் மொத்தம் 140 வீடுகளாயின. எதேல் லாரன்ஸ் அம்மாள் 1994-லேயே காலமாகிவிட்டார். வீடுகளுக்கு அவர் பெயர்தான். குற்றம் பெருகும், சொத்து விலை விழும், வரி ஏறும் என்று எதிர்த்தவர்கள் சொன்னதை டக்ளஸ் மாசி என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் கணக்கெடுத்துப் பார்த்து, மூன்றும் நடக்கவில்லை என்று 2013-ல் புத்தகமே வெளியிட்டார்கள். 2024-ல் ஒவ்வோர் ஊரின் பங்கையும் கணக்கிட நியூஜெர்ஸி புதுச் சட்டம் செய்தது. அதை எதிர்த்தும் சில ஊர்கள் கோர்ட்டுக்குப் போயின.