தாய்பாஷைப் படிப்பு யாருக்கு?

(பாப்பாரப்பட்டிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பிள்ளைகளுக்கு எந்தப் பாஷையில் பாடம் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். யோசித்துப் பாருங்கள்.

1938-ல் ஆச்சாரியார் மந்திரிசபை 125 பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் சிறைவாசத்தின்போது மாண்டார்கள். 1940-ல் உத்தரவு வாபஸாயிற்று. அன்று நாம் சொன்ன நியாயம் என்ன? பிள்ளையின் வாயில் வேண்டாத பாஷையைத் திணிக்காதே என்பதுதானே? அந்த நியாயம் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டுந்தானா?

இந்த ஜில்லாவிலும் பக்கத்துக் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் கன்னடம், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஒரு கன்னடப் பிள்ளைக்கு ஆறு வயதில் ஆட்டை எண்ணத் தெரியும். ஆயிரம் கேள்வி கேட்கத் தெரியும். பள்ளிக்கூடம் வந்ததும், வாத்தியார் பேச்சுப் புரியாமல் வாயடைத்து உட்காருகிறது. உடனே 'மக்கு' என்கிறோம். மக்கு அந்தப் பிள்ளையா, நம் ஏற்பாடா? பொருள் தெரியாமல் மந்திரம் சொல்லுகிறவரைக் கேலி செய்யும் நாம், பொருள் தெரியாமல் பிள்ளையைப் பாடம் ஒப்பிக்க வைக்கலாமா?

சிறுபான்மைப் பாஷைக்காரரின் பிள்ளைகளுக்கு ஆரம்பப் படிப்பைத் தாய்பாஷையில் கொடுக்க வசதி செய்ய வேண்டுமென்று அரசியல் சட்டத்தில் 1956-ல் சேர்த்த 350-ஏ பிரிவு சொல்லுகிறது. 2006-ஆம் வருஷத்துச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. இரண்டுக்கும் சண்டையில்லை. இந்நாட்டில் பிழைக்கிறவனுக்குத் தமிழ் வேண்டியதுதான். ஆனால் தமிழை ஒரு பாடமாகக் கற்பிப்பது வேறு. கணக்கு முதல் சகலத்தையும் புரியாத பாஷையில் ஊட்டுவது வேறு.

'தாய்பாஷையில் படித்தால் இங்கிலீஷ் வராதே' என்பார்கள். ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்தில் நூற்றுக்கணக்கான பாஷைகள் உண்டு. அங்கே இஃபே என்னும் ஊரில் 1970-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஆறு வருஷமும் பாடங்கள் யொரூபா என்னும் தாய்பாஷையில். இங்கிலீஷ் தனிப் பாடம். அப்படிப் படித்த பிள்ளைகள் மற்றப் பாடங்களில் தேறினதோடு, இங்கிலீஷிலும் பின்தங்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தென்னாப்பிரிக்க வெள்ளைச் சர்க்கார் 1953-ல் கறுப்பருக்குத் தனிக் கல்விச் சட்டம் செய்து, தாய்பாஷைப் படிப்பு என்ற பேரால் மட்டமான படிப்பைக் கொடுத்தது. பிறகு ஆப்பிரிகான்ஸ் என்னும் தன் பாஷையையும் திணித்தது. அதை எதிர்த்து 1976 ஜூன் 16-ல் சொவேட்டோவில் ஊர்வலம் போன மாணவர்களைப் போலீஸார் சுட்டார்கள். ஆகவே, தாய்பாஷைப் படிப்பென்றால் நல்ல வாத்தியாரும், புத்தகமும், மேல்படிப்புக்கு வழியும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

தோழர்களே! கன்னடப் பிள்ளைக்குக் கன்னட வாத்தியார் வேண்டுமென்று முதலில் மனுப் போட வேண்டியவர்கள் தமிழர்களாகிய நாமே. தனக்கொரு நியாயம், பிறத்தியானுக்கொரு நியாயம் என்பது மனுதர்மம், சுயமரியாதை ஆகாது.