ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் ஒருவர் கேட்க வேண்டும்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பைப் பற்றி இந்த மேடையில் பலமுறை கேட்டிருக்கிறோம். முதல் வஹீயே ஓதச் சொல்லும் கட்டளை என்பது இங்குள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே இன்று சிறப்பைப் பேசப் போவதில்லை. நடைமுறையில் நம் பிள்ளைகள் சறுக்கும் ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேசுவோம். அது 9, 10 ஆம் வகுப்பு ஆங்கிலம்.

உதவித்தொகை நேர்காணலின்போது மாணவரிடம் ஆங்கிலப் பாடநூலைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்வது நமது வழக்கம். மதிப்பெண் பட்டியலில் நல்ல மார்க் இருக்கும். படித்த பாடத்தின் கேள்விக்குப் பதில் மளமளவென்று வரும். அதே நூலில் இன்னும் நடத்தாத பாடத்தைத் திறந்தால் நாக்கு நின்றுவிடும். கைடைப் பார்த்து மனப்பாடம் செய்த பதில்தான் அந்த மார்க்கை வாங்கிக் கொடுத்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. கடிதம், மனப்பாடப் பாடல், சில கேள்வி பதில்கள் என்று உருப்போட்டே அந்த 35ஐத் தாண்டிவிடலாம். தாண்டிய பிறகு பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ முதல் நாள் வகுப்பில் உட்காரும்போதுதான் உண்மை தெரிகிறது. அங்கே புத்தகம் ஆங்கிலத்தில், கைடு கிடையாது. முதல் செமஸ்டரில் அரியர் விழும், இரண்டாவதில் இன்னும் கூடும், அதற்குப் பிறகு பையன் கடையில் நிற்பான். நாம் கட்டிய கட்டணமும் போகும், அவனுடைய வருடமும் போகும்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டுமல்ல. 'அசர்' என்று ஓர் ஆய்வு உண்டு. பிரதம் அமைப்பினர் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். 2022 அறிக்கையின்படி, நாடு முழுவதும் கிராமப்புறத்தில் 8 ஆம் வகுப்பு படிப்பவர்களில் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்தவர்கள் 46.7 சதவீதம். 2016இல் இது 45.3. ஆறு ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நாலைந்து சொல் கொண்ட வாக்கியத்தை வாசிக்க முடியாமல் பாதிப் பேருக்கு மேல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறார்கள் என்பதே இதன் பொருள்.

ஏன் இப்படி? ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பீரியடு 45 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள். ஆசிரியர் பாடமே நடத்தாமல் எல்லாரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும், தலைக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். பாடத்தையும் முடிக்க வேண்டுமென்றால் அதுவும் இல்லை. ஆறாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை, யாரும் கேட்காததால் பத்தாம் வகுப்புவரை அப்படியே வந்துவிடுகிறது.

இன்னொரு காரணம் எழுத்திலேயே இருக்கிறது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. 'க' என்று சொன்னால் அதுவே ஒலி. ஆங்கிலத்தில் அப்படியில்லை. மூன்றாவது எழுத்தின் பெயர் 'சி'. ஆனால் பூனையைக் குறிக்கும் சொல்லில் அது 'க்' என்று ஒலிக்கிறது. நம் பிள்ளைகள் 'சி, ஏ, டி - கேட்' என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். எழுத்தின் பெயர் தெரியும், சொல் மனப்பாடம். ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்பது தெரியாது. அதனால் புதிய சொல் வந்தால் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

இங்கேதான் நம் சமுதாயத்துக்கு அல்லாஹ் கொடுத்திருக்கும் ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்ற பாடத்தை நம் பிள்ளை ஐந்து வயதிலேயே மக்தபில் படித்துவிட்டது. 'பா ஜபர் ப, பா ஜேர் பி, பா பேஷ் பு' என்று ஹஜ்ரத் சொல்லிக்கொடுக்கிறாரே, அது வேறென்ன? எழுத்தைச் சொல்லி, ஒலியைச் சொல்லி, இரண்டையும் கூட்டிச் சொல்லாக்கும் முறைதான் அது. ஆங்கிலத்தையும் அப்படியே எழுத்தின் ஒலியிலிருந்து கற்பிக்கலாம். உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. 'பள்ளி'யின் ப, 'பஸ்'ஸின் ப இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து. உருதுவில் தனித்தனி எழுத்து. ஆங்கிலத்திலும் தனித்தனி எழுத்துதான். அரபு, உருது, தமிழ், ஆங்கிலம் என்று நாலு எழுத்து படிப்பதைப் பிள்ளைக்குப் பாரம் என்று நினைக்கிறோம். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகும்.

மக்தபில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவரும் ஹஜ்ரத் முன்னால் உட்கார்ந்து சபக் ஒப்பிக்க வேண்டும். தவறினால் அங்கேயே திருத்துவார். இன்றைய பாடம் சரியாக வந்தால்தான் அடுத்த பாடம். பழைய பாடத்தை ஆமுக்தாவாகத் திரும்பக் கேட்பார். ஹிஃப்ழு மாணவர்கள் முப்பது ஜுஸ்வையும் நெஞ்சில் ஏற்றுவது இந்த முறையில்தான். பள்ளிக்கூட ஆங்கிலத்துக்குக் கிடைக்காமல் போனது இதுதான்: ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் தனியாகக் கேட்க ஓர் ஆள்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. பொருள் தெரியாமல் ஓதினாலும் குர்ஆனை ஓதியதற்கு நன்மை உண்டு. ஆங்கிலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. வாசித்து முடித்ததும் "என்ன படித்தாய்? உன் பேச்சில் சொல்" என்று கேட்க வேண்டும். பிள்ளை உருதுவிலோ தமிழிலோ சொல்லட்டும். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது.

அரசும் இந்தத் திசையில்தான் வந்துகொண்டிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அந்தந்தத் தெருவிலேயே தன்னார்வலர்கள் மாலையில் சிறு குழுக்களாகப் பாடம் சொன்னார்கள். பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இத்திட்டத்தால் வந்ததும் தெரிந்தது. அவர்கள் பார்த்தது சிறு பிள்ளைகளின் தமிழும் கணக்கும். ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தால் பிள்ளை படிக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9 வரை படிப்போருக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படையைச் சரிசெய்ய 'திறன்' என்ற திட்டமும் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளையை அந்தப் பிரிவில் சேர்த்தால் கௌரவக் குறைவு என்று எண்ணாதீர்கள். ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள்.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை சீரா நூல்களில் படித்திருக்கிறோம். யாரிடமிருந்தும் கல்வி பெறலாம் என்பதற்கு இதை எடுத்துச் சொல்வோம். அதில் இருக்கும் எண்ணையும் கவனியுங்கள். ஓர் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள். நமது திட்டமும் அந்த எண்ணில்தான் நிற்கிறது.

இன்ஷா அல்லாஹ், மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மஹல்லாதோறும் ஒரு வாசிப்பு வகுப்பு நடத்த நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. பத்துப் பிள்ளைகள், தலைக்கு ஐந்து நிமிடம், மொத்தம் ஐம்பது நிமிடம். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் தங்கள் பகுதியைத் தயார் செய்வார்கள். ஆண்டுக்கு 180 நாள் நடந்தால் ஒரு பிள்ளை 900 நிமிடம், அதாவது 15 மணி நேரம், ஒருவர் கேட்க வாய்விட்டு வாசித்திருக்கும்.

வகுப்பைப் பார்த்துப் பிரிக்க மாட்டோம், வாசிக்கும் அளவைப் பார்த்துப் பிரிப்போம். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகம்தான் வருகிறது என்றால் அதிலிருந்தே தொடங்குவோம். ஒரே பத்தியை முதல் நாள் வாசித்து, மறுநாள் திரும்ப வாசித்து, வாரக் கடைசியில் ஆமுக்தாவாக மூன்றாம் முறை வாசிக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும். கைடைப் பார்த்து எழுதிய ஐம்பது வரியைவிட, "எங்கள் வீட்டில் தறி இருக்கிறது, அம்மா தார் சுற்றுகிறார்" என்று தப்பும் தவறுமாகத் தானே எழுதிய இரண்டு வரி மேல்.

கற்றுக்கொடுக்க யார் வருவார்கள்? நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். பி.ஏ., பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, அந்தப் பட்டத்தைப் பீரோவில் வைத்திருக்கும் மகள்களும் மருமகள்களும் எத்தனை பேர்! மாணவியர் வகுப்பை அவர்கள் தங்கள் வீட்டிலேயே நடத்தலாம். அவர்களுக்கு மாத ஊக்கத்தொகை கொடுக்கப்படும். இந்தச் செலவு ஜகாத் நிதியிலிருந்து எடுக்கப்படாது. ஜகாத் ஏழை மாணவரின் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் நேரடியாகப் போய்ச் சேரும். வகுப்புச் செலவுக்கு லில்லாஹ்வாகத் தருபவர்களின் நன்கொடை தனிக் கணக்கில் வைக்கப்படும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். தறியில் இருந்தாலும், அரிசிக் கடையில் இருந்தாலும், இரவில் பத்து நிமிடம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நிற்காமல் வாசிக்கிறானா, திணறுகிறானா என்பது மொழி தெரியாத காதுக்கும் தெரியும். ஐந்தாவது வரை தமிழில் படித்த பிள்ளையை, பெயருக்காக ஆறாவதில் ஆங்கில வழிக்கு மாற்றுமுன் வாசிக்கச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தமிழையும் விட்டுவிடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாள் திருத்தப்படாது.

நமக்கு முந்தியவர்கள் 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியையும், 1965இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரியையும் கட்டினார்கள். ஆரணியிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் அந்த வாசல்கள் திறந்திருக்கின்றன. உள்ளே போகிற பிள்ளை பாதியில் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது நம் தலைமுறையின் கடமை. அதற்குக் கட்டடம் தேவையில்லை. ஒரு பாய், ஒரு புத்தகம், காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் போதும்.

வகுப்பு நடத்த முன்வருவோர் இன்றே முத்தவல்லியிடமோ அறக்கட்டளை அலுவலகத்திலோ பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.